குபேரனுக்கு உடம்பு சரியில்லை

மறுபடியும் டிக். ஹாலில் கண்ணாடி மீன்தொட்டிக்குள் இருந்த தடியன் வாய் நிறையக் கூழாங்கல்லை அள்ளிக்கொண்டு வந்து கண்ணாடியில் துப்பினான். ஒரு டிக், கொஞ்சம் இடைவெளி, பிறகு சேர்ந்தாற்போல இரண்டு. அடுத்தது எப்போது வரும் என்று அடுப்படியில் இருந்த பிரமநாயகியின் காது தானாகக் காத்துக் கிடந்தது. அரிவாள்மணையில் வெண்டைக்காய் பாதியில் நின்றது. மணி பதினொன்று பத்து. பத்து மணிக்குப் போன மனுஷன். ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம், சீட்டைக் காட்டி ரிசல்ட் கவரை வாங்கக் கால் மணி, வரிசை இருந்தால் அரை மணி, டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம். நல்லபடியாக இருந்தால் டாக்டரைப் பார்க்கச் சொல்ல மாட்டார்கள். இல்லை, நல்லபடியாக இருந்தாலும் சொல்வார்கள், சும்மா கவரை நீட்டி அனுப்புவார்களா. அப்படியானால் நேரமானதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இதே யோசனை காலையிலிருந்து எட்டாவது தடவை, எட்டு தடவையும் அதே இடத்தில் வந்து முட்டி நின்றது. நானும் வாரேன் என்று சேலை மாற்றிக்கொண்டு நின்றவளை, நீ என்னத்துக்கு வெயில்ல, வீட்டுல இரு, குபேரனைப் பாத்துக்க என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். என் உடம்பில் ஊசியை விட்டு எடுத்த சதை, அதற்கு வந்த ரிசல்ட், அதை வாங்க நான் வரக் கூடாதாம். மீனுக்குக் காவலாக வீட்டில் உட்கார வேண்டுமாம். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. டிக்.

“ஏ சனியனே, சும்மா கெட!” என்று கத்தினாள். ஹாலில் கொஞ்சம் அமைதி. மீனைத் திட்டி மீன் கேட்டுக்கொண்டதாக வேறு ஒரு திருப்தி, என்ன பிழைப்பு இது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் இந்த வீட்டுக்குள் ஒரு முட்டை நுழைந்ததில்லை. பெருங்காயத்தில்கூட எதைக் கலக்கிறார்கள் என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிற மனுஷன் உலகநாதன். கல்லூரியில் பௌதிக லேப் அசிஸ்டெண்ட். பையன்களுக்கு மின்சாரமும் காந்தமும் எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து விபூதி பூசிக்கொண்டு வாஸ்து புத்தகம் படிப்பார். போன ஐப்பசியில் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தபோது, கூட வேலை பார்க்கிற யாரோ சொன்னார்களாம், ஃபிளவர்ஹார்ன் என்று ஒரு மீன் இருக்கிறது, நெற்றி புடைத்துக்கொண்டு இருக்கும், வீட்டில் வைத்தால் வருகிற கெடுதலை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும் என்று. கட்டு பிரித்த மறுநாளே தாங்கித் தாங்கிப் போய் வாங்கிவந்துவிட்டார். குபேரன் என்று பெயரும் வைத்தாயிற்று. அது என்ன தின்னும் என்று ஒரு வார்த்தை கேட்டு வர வேண்டாமா? கேட்கவில்லை. சைவப் பிள்ளைமார் வீட்டில் மீனும் சைவமாக இருக்கும் என்று நினைத்துவிட்டார் போல. முதல் நாள் தயிர்சாதம் உருட்டிப் போட்டார், வாயில் வாங்கித் துப்பியது. பொரிகடலை, அதையும் துப்பியது. பூவன்பழத்தில் ஒரு துண்டு, அது தண்ணீரில் கரைந்து தொட்டியே கஞ்சித்தண்ணி ஆயிற்று. கடைக்காரன் கொடுத்த உருண்டைத் தீனியை ஒரு மாதம் தின்றது, பிறகு நிறம் ஏற வேண்டுமானால் இறால் போடுங்க சார் என்று அவனே சொல்லிக்கொடுத்தான், அன்றிலிருந்து இறாலைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. தினம் ஆறு இறால். அதை வீட்டுக்குள் வைக்க முடியுமா, அடுத்த வீட்டு ஜெபமணி டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் டீச்சர் ஓடு உரித்து டப்பாவில் போட்டு மதில் மேல் வைப்பாள், இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்துவந்து இடுக்கியால் போடுவார். முதல் நாள் போட்டுவிட்டு வாசலில் போய் வாந்தி எடுத்தார். அதற்கப்புறம் தினமும் ஒரு முழுக்கு. அவர் குளித்த ஈரத்துணியைக் காயப்போடுவது யாரு, பிரமநாயகி.

செல்போன் அடித்தது. வெண்டைக்காய்ப் பிசின் கையோடு பாய்ந்து எடுத்தாள். அவர்தான்.

“ஏளா, குபேரன் எப்படி இருக்கான்?”

“என்னது?”

“இல்ல, காலையில ஒரு மாதிரி மூலையில கெடந்தானே. மூச்சு கீச்சு இருக்கான்னு கேட்டேன்.”

“அவன் நல்லாத்தான் இருக்கான், எனக்குத்தான் மூச்சு முட்டுது. கவர் வாங்கியாச்சா இல்லையா?”

“இன்னும் கூப்பிடல. கூட்டமா இருக்கு. வச்சிருதேன்.”

வைத்துவிட்டார். பிரமநாயகி போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நீ சாப்பிட்டியா இல்லை, பயப்படாத இல்லை, குபேரன் எப்படி இருக்கானாம். அழுகையா கோபமா என்று தெரியாமல் ஒன்று தொண்டை வரை வந்தது, அதைக் கோபமாகவே வைத்துக்கொள்வோம், அழுதுகொண்டு வெண்டைக்காய் நறுக்க முடியாது என்று தீர்மானித்தாள். பத்து நாளாக இதே கூத்துதான். அவளுக்கு ஊசி விட்டுச் சதை எடுத்த அன்றே மீனுக்கும் உடம்புக்கு வந்துவிட்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மாரில் பஞ்சு வைத்து ஒட்டினது வலிக்க வலிக்கச் சோபாவில் சாய்ந்தவளிடம் காபி வேணுமா என்று கேட்கவில்லை, தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, குபேரன் சாப்பிட மாட்டேங்கான் பிரமு, அவனுக்கு என்னமோ உடம்பு சரியில்ல என்றார். மறுநாளும் அதேதான். போட்டுப் போட்டு எடுக்கேன், தொட மாட்டேங்கான். நீ கிட்டப் போகாத, கடிச்சிருவான், நான் பாத்துக்கிடுதேன். தினமும் கல்லூரிக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவளைப் பார்ப்பதில்லை. சரியாகச் சொன்னால் அவள் முகத்துக்குக் கீழே பார்ப்பதே இல்லை, முகத்தையும் அவசரத்துக்குத்தான். மூன்று வாரம் முன்பு குளிக்கும்போது இடது பக்கம் கைக்கு ஒரு கொண்டைக்கடலை தட்டுப்பட்டது. சோப்பு நுரையாக இருக்கும் என்று கழுவிப் பார்த்தாள், எலும்பாக இருக்கும் என்று வலது பக்கம் தடவிப் பார்த்தாள், அங்கே அப்படி எலும்பு இல்லை. ஈரத் தலையோடு வந்து அவரிடம்தான் முதலில் சொன்னாள். அவர் கையில் இருந்த பேப்பரை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், அதற்கு மேல் மடிக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். ஓடிவரட்டுமே, ஒருத்தராவது என்னைப் பார்த்து ஓடிவரட்டுமே.

டிக் டிக். ஹாலுக்குப் போனாள். அவளைக் கண்டதுதான் தாமதம், தடியன் மூலையிலிருந்து பாய்ந்து வந்து கண்ணாடியில் மோதினான். அவள் இடது பக்கம் நகர்ந்தால் இடது பக்கம் வந்தான், வலது பக்கம் நகர்ந்தால் வலது பக்கம். சிவப்பும் ரோஸுமாக இருந்த உடம்பு வெளிறி, வயிறு உள்ளே ஒட்டி, உள்ளங்கை அகலம் இருந்தவன் ஒடுங்கிப்போயிருந்தான். புடைத்துக்கொண்டு திமிராக நிற்கும் நெற்றிகூட வற்றித்தான் போயிருக்கிறது. ஆனால் குதியைப் பார், உடம்பு சரியில்லாதவன் இந்தக் குதி குதிப்பானா? வலியில அப்படிச் செய்யுதான் என்று அவர் சொல்லியிருந்தார். வலி வந்தால் ஜீவன்கள் சுருண்டு படுக்கும், முட்டிக்கொண்டு நிற்காது என்பது ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தவளுக்குத் தெரியாதா. தெரிந்தும் கேட்கவில்லை. இவன் சங்காத்தமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். வந்த புதிதில் துணைக்கு என்று வாங்கிவிட்ட மூன்று மீன்களையும் இரண்டே வாரத்தில் கடித்துக் குதறிக் கொன்றவன் இவன். முதல் மீன் செத்து மிதந்த அன்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம், பிரமு, நமக்கு வர இருந்தது அதோட போச்சு என்றார். போகல, இந்தத் தடியன்தான் கடிச்சான், வாலைப் பாருங்க என்றாள். அது காரணம் பிரமு, காரியம் வேற என்றார், லேபில் பையன்களுக்குச் சொல்வது போல. இரண்டாவதுக்கும் அதே வெளிச்சம். மூன்றாவதுக்கும். பிறகு தொட்டியில் இவன் ஒருத்தன்தான் பாக்கி. அடுத்து வருகிற கெடுதலை வாங்கிக்கொள்ள இவனை விட்டால் ஆள் இல்லை. அந்த இடத்தில் அவள் நினைப்பு எதிலோ தட்டியது, என்ன என்று பார்ப்பதற்குள் புறவாசலில் டீச்சரின் குரல் கேட்டது.

“பிரமு! ஏ பிரமு! ரிசல்ட்டு வந்துட்டாம்மா?”

“இல்ல டீச்சர். போயிருக்காவ.”

“கர்த்தர் பாத்துக்கிடுவாரு. நீ ஒண்ணும் நெனைக்காத.” மதிலுக்கு மேல் டீச்சரின் நரைத்த தலை மட்டும் தெரிந்தது. அவளும் நாலு பேரிடம் சொல்லி ஜெபத்துக்குப் போட்டிருக்கிறாள், அது பிரமநாயகிக்குத் தெரியும். “அது கெடக்கட்டும், ஒரு விசயம் கேக்கணும்னு இருந்தேன். மீனு செத்துப்போச்சாம்மா?”

“இல்லையே, ஏன் கேக்கிய?”

“இல்ல, பத்து நாளா சார் றால் எடுக்க வரவே இல்லையே. இனிமே வேண்டாம் டீச்சர்னு சொல்லிட்டாவ. என் ஃப்ரிட்ஜில கெடந்து ஐஸா கெடக்கு. செத்துருச்சு போல, சொல்லச் சங்கடப்படுதாவன்னு நெனைச்சேன்.”

பிரமநாயகி மதிலைப் பிடித்துக்கொண்டாள். “அவன் சாப்பிட மாட்டேங்கான்னாவ. தினமும் போட்டுப் பாக்கேன்னுல்லா சொன்னாவ.”

“என்னத்தப் போட்டுப் பாத்தாவளோ,” என்றாள் டீச்சர். “எங்கிட்ட ஒண்ணும் வாங்கல. இரு, இன்னைக்கு எங்களுக்கு வாங்கினதுல புதுசா உரிச்சு வச்சிருக்கேன். நீ போட்டுத்தான் பாரேன்.”

டப்பா சில்லென்று இருந்தது. இடுக்கியைத் தேட நிற்கவில்லை. ஹாலுக்கு வந்து தொட்டியின் மூடியைத் தள்ளி, பிறந்ததிலிருந்து தொட்டறியாத ஒன்றை இரண்டு விரலால் எடுத்தாள், வழுக்கியது, முருகா என்று போட்டாள். இறால் தண்ணீரைத் தொட்டதா என்றே தெரியவில்லை. ஒரு அறை, முகத்தில் தண்ணீர் தெறித்தது, இறால் இல்லை. தடியன் மேலே பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினான். இன்னொன்று போட்டாள், அதுவும் போயிற்று. மூன்றாவதைப் பாதி தூரத்திலேயே எகிறிப் பிடுங்கினான். இதுவா சாப்பிட மாட்டேன் என்றது, இதற்கா உடம்பு சரியில்லை? கல்லை அள்ளி அள்ளித் துப்பியது திமிரும் இல்லை, வலியும் இல்லை. பசி. பத்து நாளாக வீட்டில் இருந்த ஒரே மனுஷியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது. அவள் அதைச் சனியனே என்று திட்டியிருக்கிறாள்.

அவர் போடவே இல்லை. கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காமல் பேப்பரில் தள்ளிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு வருகிற மனுஷன், பத்து நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு ஜீவன் பட்டினியில் வற்றுவதைப் பார்த்திருக்கிறார். ரிசல்ட் வருவதற்குள் அது செத்துவிட வேண்டும். அடித்துக் கொல்லத் தைரியம் இல்லை, அதுவாகப் போனால்தான் கெடுதலையும் எடுத்துக்கொண்டு போகும் என்று எந்தக் கிறுக்கன் சொன்னானோ. மூச்சு கீச்சு இருக்கான்னு கேட்டேன். அடப்பாவி மனுஷா, அதற்கா போன் பண்ணினீர்? இன்னும் சாகவில்லையா என்று கேட்கவா? அவளுக்கு ஆத்திரம் வந்தது. சிரிப்பும் வந்தது, கேவலமாக அழுகையும் வந்தது. பத்து நாளாக என்னை விட்டுவிட்டு மீனைப் பார்க்கிறார் என்று கருவிக்கொண்டிருந்தேனே, அவர் மீனைப் பார்க்கவே இல்லையே, என்னைத்தானே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதற்காக இப்படியா? என்னிடம் ஒரு வார்த்தை, பயமா இருக்கு பிரமு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானும் எனக்கும்தான் என்று சொல்லியிருப்பேன், இரண்டு பேரும் சேர்ந்து அழுதுவிட்டுத் தூங்கியிருப்போம். படித்த மனுஷன். லேபில் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற மனுஷன். நாலாவது இறாலை எடுத்தாள், போட்டாள். ஐந்தாவதைப் போட்டாள். ஆறாவதைக் கையில் எடுத்தபோதுதான் அது வந்தது. ஒருவேளை? பத்து நாள் தாங்கியவன் இன்னும் எத்தனை நாள் தாங்குவான், இதோடு நிறுத்திக்கொண்டால், ஒருவேளை அவர் நினைத்தபடி. யாருக்கும் தெரியப்போவதில்லை. டீச்சரிடம் திங்கவில்லை என்று சொல்லிவிடலாம். மகளின் பிள்ளைக்கு இன்னும் மொட்டைகூட அடிக்கவில்லை, அவளைப் பாட்டி என்று கூப்பிடுகிற வயது வரவில்லை. கை தண்ணீருக்கு மேலே அப்படியே நின்றது. தடியன் கீழே நின்றுகொண்டு அவள் விரலையே பார்த்தான். சே, நானுமா. அவள் உடம்பு கூசியது. ஆனால் விரலும் விடவில்லை. இறாலை டப்பாவில் திரும்பப் போட்டு மூடினாள், மூடிவிட்டோமே என்று அவள்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம்.

உலகநாதன் செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையில் கவர் துருத்திக்கொண்டு இருந்தது. உள்ளே வந்தவர் அவளைப் பார்க்கவில்லை, நேரே தொட்டியைப் பார்த்தார். தடியன் வயிறு புடைக்க, தெளிவாக, வாலை ஆட்டிக்கொண்டு நின்றான். அவர் நாற்காலியைப் பிடிக்கப் போனார், பிடி கிடைக்கவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பிரமநாயகிக்குத் தெரிந்துவிட்டது. பயப்பட்டுப் பயப்பட்டு வைத்திருந்த இடத்தில் இப்போது பயம் இல்லை, வெறும் வெளிச்சமாக இருந்தது, பல் பிடுங்கின பிறகு நாக்கு போய்த் தடவுகிற இடம் மாதிரி.

“யாரு போட்டா?” என்றார்.

“நான்தான்.”

“ஏன் பிரமு? இன்னும் ரெண்டு நாள்... ரெண்டே நாள் பிரமு.” துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

“டாக்டரம்மா என்ன சொன்னாவ? அதச் சொல்லுங்க முதல்ல.”

“திங்கக்கிழம வந்து படுக்கணுமாம். ஆபரேஷனாம். ஆரம்பந்தான், எடுத்துறலாம்னு சொல்லுதாவ. பெறவு மருந்து ஏத்தணுமாம்.”

“எடுத்துறலாம்னுதான சொல்லுதாவ? பெறவு என்னத்துக்கு இந்தக் கூத்து? பத்து நாளா இது உங்க மூஞ்சியவே பாத்துட்டுக் கெடந்திருக்கு. எப்படிங்க மனசு வந்துது உங்களுக்கு?”

அவர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. “நீயா அதுவான்னு வந்தா நான் என்ன செய்யட்டும்? சொல்லு. நான் என்ன செய்யட்டும்?”

இப்படி ஒரு கேள்வியை இருபத்தாறு வருஷத்தில் அவர் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தண்ணீருக்கு மேலே நின்ற தன் கையை நினைத்தாள், அதைப் பற்றி இவரிடம் என்றைக்கும் சொல்லக் கூடாது என்று நினைத்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை, ஆனால் அதைக் காட்டிக்கொண்டால் இந்த மனுஷன் இன்றைக்குப் பூராவும் தரையை விட்டு எழுந்திருக்க மாட்டார். டப்பாவைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள்.

“எந்திரிங்க. இதுல ஒண்ணு மிச்சம் இருக்கு. நீங்களே போடுங்க.”

“என்னால முடியாது பிரமு.”

“முடியும். திங்கக்கிழமைக்குப் பெறவு நீங்கதான் போடணும். நான் அங்கன கெடக்கும்போது இது இங்கன பட்டினி கெடக்குன்னு கேள்விப்பட்டேன்னு வைங்க, தையல் பிரிஞ்சாலும் பரவால்லன்னு எந்திச்சு வந்துருவேன். போடுங்க.”

அவர் எழுந்தார். இடுக்கி எங்கே என்று கண்ணால் தேடினார். அவள் எடுத்துக்கொடுக்கவில்லை. வெறும் கையால் எடுத்தார், மூக்கால் நீர் வடிய வடியத் தண்ணீருக்கு மேலே பிடித்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவரும் விடவில்லை. கடைசியில் தடியனுக்குத்தான் பொறுமை இல்லை, எகிறி வந்து இறாலோடு விரலையும் சேர்த்துக் கவ்வினான்.

“ஏ மூதி, கைய விடுடா!” என்று அலறினார் உலகநாதன்.